குத்தூசி சொல்லாதது

கும்பகோணத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் என் சித்தப்பா வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பஞ்சாயத்து. சித்திக்குக் கழுத்துவலி. எலும்புத் தேய்மானமாக இருக்கும் என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எலும்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரி, யாரும் கேட்காமலேயே, தைராய்டின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி தெரிவதாகச் சொன்னது. அல்ட்ராசவுண்டு எடுத்தார்கள்: 1.6 சென்டிமீட்டர். ஊசி விட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள்: ‘பெதஸ்டா மூன்று’ என்று வந்தது. தஞ்சாவூரில் பார்த்த அறுவை மருத்துவர், “சுரப்பியை முழுசா எடுத்துடலாம்மா, அப்புறம் நிம்மதி” என்றார். திருச்சியில் பார்த்த ஹார்மோன் மருத்துவர் அதே காகிதங்களைப் புரட்டிவிட்டு, “அவசரம் ஒண்ணுமில்லை, மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஊசி போட்டுப் பார்ப்போம்” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சித்தி கேட்டார்: “ரெண்டு பேரும் ஒரே படிப்புதானே படிச்சிருக்காங்க? ஒருத்தர் அறுக்கணும்ங்கிறார், ஒருத்தர் சும்மா இருங்கிறார். இதுல யார் பொய் சொல்றா?”

யாரும் பொய் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். அது எப்படிச் சாத்தியம் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் தேவைப்படுகிறது.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடுவோம். “எனக்குத் தைராய்டு இருக்கு” என்று நம் ஊரில் நோயைப் போலச் சொல்கிறோம். அது எல்லாருக்கும் இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்பக்கத்தைத் தழுவிக்கொண்டு, 15 முதல் 25 கிராம் எடையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. 1656இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். அதனால்தான் தமிழ்ப் பாடநூல்களில் இது கேடயச் சுரப்பி. நுண்ணோக்கியில் பார்த்தால் கேடயம் எதுவும் தெரியாது. பிளந்த மாதுளைதான் நினைவுக்கு வரும். நெருக்கியடித்த முத்துகள், ஒவ்வொரு முத்துக்கும் ஒற்றை வரிசைச் செல்களால் ஆன தோல், உள்ளே கொழகொழவென்ற கூழ். உப்பிலிருந்தும் உணவிலிருந்தும் வரும் அயோடினைப் பிடித்து, ஹார்மோனாக்கி, அந்தக் கூழில் இரண்டு மூன்று மாதத்துக்கான சரக்கை இந்தச் சுரப்பி இருப்பு வைக்கிறது. சித்தப்பா சொன்னார்: “இதுவும் ஒரு மண்டிதான்னு சொல்லு.”

இந்த முத்துகளில் சில அளவு மீறிப் பெருகலாம். கூழ் தேங்கி ஒரு முத்து ஊதலாம். பழைய ரத்தக்கசிவு பையாக நிற்கலாம். அரிதாகச் செல்கள் புற்றாகவும் மாறலாம். இவை எல்லாவற்றுக்கும் அறிக்கையில் ஒரே சொல்தான்: நாட்யூல். நாம் அதைக் ‘கட்டி’ என்கிறோம், வீட்டில் அடுப்பு அணைந்துவிடுகிறது. நான் இதைக் கணு என்று எழுதப்போகிறேன். கரும்பிலும் மூங்கிலிலும் கணு உண்டு. அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. தைராய்டில் உள்ள கணுவை ஒரு டம்ளர் தண்ணீரும் கண்ணாடியும் இருந்தால் சில சமயம் நாமே பார்க்கலாம். விழுங்கும்போது கழுத்தில் அந்த மேடும் கூடவே ஏறி இறங்கும், சுரப்பி மூச்சுக்குழாயோடு கட்டப்பட்டிருப்பதால்.

உடனே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். “ரத்தப் பரிசோதனை நார்மல், அப்புறம் கணு எப்படி வரும்?” என்று பலர் கேட்கிறார்கள். டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை மண்டியின் வரவு செலவைப் பார்க்கிறது. ஸ்கேன் கட்டடத்தைப் பார்க்கிறது. வியாபாரம் நன்றாக நடக்கிறது என்பதற்காகச் சுவரில் விரிசல் இல்லை என்றாகாது. கணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். சரியாகவே இருக்கும். இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய பரிசோதனை அதுதான். அந்த எண் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால், கணுவே தன்னிச்சையாக ஹார்மோன் சுரக்கிறதா என்று கதிரியக்க ஸ்கேனில் பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் ‘சூடான கணு’ புற்றாக இருப்பது மிக மிக அரிது, ஊசிக்கு வேலையே இருக்காது. சித்திக்கு டி.எஸ்.எச். சரியாக இருந்தது. அந்தக் குறுக்கு வழி அவருக்குக் கிடைக்கவில்லை.

இனி எண்ணிக்கை. மருத்துவர் விரலால் தடவிப் பார்த்தால் நூறு பெண்களில் ஐந்து பேரிடமும், நூறு ஆண்களில் ஒருவரிடமும் கணு தட்டுப்படும். அதே ஆட்களை நல்ல அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்தால், ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டு, நூற்றுக்கு 19 முதல் 68 பேர்வரை கணு இருக்கிறது. வயது ஏற ஏற அதிகம், பெண்களிடம் அதிகம். இது புதிய செய்தியும் அல்ல. 1955இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், உயிரோடிருந்தபோது தைராய்டில் எந்தக் குறையும் தெரியாதவர்கள் 821 பேரின் உடல்களைப் பரிசோதித்தார்கள். பாதிப் பேரிடம் கணு இருந்தது. கணுவோடு வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தால் இறந்திருந்தார்கள். கோடியக்கரையில் வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் கரைக்கு வரும் மீன் கூடும். கடலில் மீன் கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. சித்தியின் கணு எம்.ஆர்.ஐ. என்னும் நெருக்கமான வலையில் தற்செயலாகச் சிக்கிய மீன்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் அலட்சியப்படுத்திவிடலாமா? முடியாது. மருத்துவர் முன் வரும் கணுக்களில் நூற்றுக்கு 7 முதல் 15வரை புற்றாக இருக்கிறது. எனவே மருத்துவம் செய்யும் வேலை சலித்தெடுப்பது: பெரிய சல்லடையில் ஆரம்பித்துச் சிறிய சல்லடைக்குப் போவது. இரண்டு மருத்துவர்கள் வேறுபடும்போது எந்தச் சல்லடையில் வேறுபடுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதல் சல்லடை அல்ட்ராசவுண்டு. தர்பூசணி விற்பவர் வெட்டாமல் தட்டிப் பார்த்தே பழுத்ததா என்று சொல்வதுபோல, இது ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. கணுவுக்குள் நீர் இருக்கிறதா, கெட்டியா? பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா? அப்படியிருந்தால் பயமே வேண்டாம். சுற்றியுள்ள சதையைவிடக் கறுத்துத் தெரிகிறதா? ஓரம் வழுவழுப்பா, பிசிறா? ஊசிமுனைபோல வெள்ளைப் புள்ளிகள் உண்டா? எனக்கு எப்போதும் சுவாரசியமான கேள்வி, கணு அகலத்தைவிட உயரமாக நிற்கிறதா என்பது. சாதுவான கணு சுற்றியுள்ள திசு விட்ட வழியில் படுத்தபடி வளரும். அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு நிமிர்ந்து வளர்வதுதான் சந்தேகத்துக்குரியது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட டைராட்ஸ் என்ற முறை ஒவ்வொரு அடையாளத்துக்கும் மதிப்பெண் போட்டு, கணுவை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. நிலை கூடக்கூட, ஊசி போடுவதற்கான அளவு வரம்பு குறையும். ஐந்தாம் நிலையில் 1 சென்டிமீட்டருக்கே ஊசி. நான்காம் நிலையில் 1.5, மூன்றாம் நிலையில் 2.5.

சித்திக்கு நான்காம் நிலை, 1.6 சென்டிமீட்டர். வரம்பைத் தாண்டி ஒரே ஒரு மில்லிமீட்டர். அன்றைக்கு ஸ்கேன் பார்த்தவர் கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்திருந்தால் 1.4 என்று வந்திருக்கலாம். ஊசியே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இயற்கையில் இப்படி ஒரு கோடு இல்லை. எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்று மனிதர்கள் கூடிப் பேசிப் போட்டது. கொரியாவில் வரைந்த வழிகாட்டியில் வரம்பு இதைவிடக் குறைவு. எனவே இரண்டு மருத்துவர்கள் வேறுபட இதுவே முதல் இடம்: ஒருவர் கையில் இருக்கும் அளவுகோல் வேறு.

இரண்டாம் சல்லடை ஊசி. எஃப்.என்.ஏ.சி. என்பார்கள், மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துச் செல்களைப் பார்ப்பது. இதை நான் சித்தப்பாவுக்கு விளக்க ஆரம்பித்ததும் அவர் கையமர்த்தி, மண்டியின் மூலையிலிருந்து குத்தூசியை எடுத்துவந்தார். அரிசி மூட்டையைப் பிரிக்காமலே பக்கவாட்டில் குத்தி இழுத்தால் குழிவான அந்த ஊசியில் ஒரு பிடி அரிசி வரும். நொய் எத்தனை, கறுப்பு எத்தனை, பழசா புதுசா என்று அதைப் பார்த்தே விலை சொல்லிவிடுவார். “இதேதானே?” என்றார். இதேதான். ஒரு குத்தில் சரியாக வராவிட்டால் இன்னொரு இடத்தில் குத்துவார், கழுத்திலும் அப்படித்தான்.

போதுமான செல் வந்திருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கே உண்டு: ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்துச் செல்கள் கொண்ட ஆறு கொத்துகளாவது கண்ணாடித் தகட்டில் தெரிய வேண்டும். அதைவிடக் குறைந்தால் முடிவு சொல்லக் கூடாது. அமெரிக்காவின் மேரிலாண்டு மாநிலத்தில் உள்ள பெதஸ்டாவில் 2007இல் கூடிய நிபுணர்கள், உலகம் முழுக்க ஒரே மொழியில் அறிக்கை எழுத வேண்டும் என்று ஆறு வகைகளை வகுத்தார்கள். ஒன்று, சரக்கு போதாது. இரண்டு, சாது. ஆறு, புற்று. ஐந்து, அநேகமாகப் புற்று. தொல்லையெல்லாம் நடுவில் உள்ள மூன்றிலும் நான்கிலும்தான். மூன்றாம் வகைக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. சுருக்கமான பொருள்: செல்கள் கொஞ்சம் விசித்திரமாக இருக்கின்றன, ஏன் என்று சொல்ல முடியவில்லை. நான்காம் வகை, முத்துச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன, ஆனால் நல்லதா கெட்டதா தெரியவில்லை.

ஏன் தெரியாது? நிபுணருக்குத் திறமை போதாததாலா? இல்லை. இங்கேதான் குத்தூசி நமக்குக் கைகொடுக்கிறது. தைராய்டுப் புற்றில் அதிகம் வருவது பாப்பிலரி வகை. அதன் செல்களுக்கு முகத்திலேயே அடையாளம் உண்டு: உட்கரு வெளிறி, பெரிதாகி, காப்பிக்கொட்டையில் இருப்பதுபோல ஒரு கீறலோடு தெரியும். ஒரு பிடி அரிசியில் புழு நெளிந்தால் மூட்டையைப் பிரிக்கத் தேவையில்லை அல்லவா? அப்படி. ஆனால் ஃபாலிக்குலர் வகைப் புற்றின் செல்களும், அதே வகைச் சாதுக் கணுவின் செல்களும் ஒரே அச்சு. இரண்டுக்கும் வேறுபாடு செல்லில் இல்லை, உறையில் இருக்கிறது. கணுவைச் சுற்றியுள்ள மெல்லிய உறையைச் செல்கள் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கின்றனவா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா என்பதே கேள்வி. குத்தூசியில் வந்த அரிசியைப் பார்த்து, சாக்கின் மறுபக்கம் தையல் பிரிந்து அரிசி சிந்துகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குச் சாக்கைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். அதாவது கணுவை எடுத்து, உறை முழுவதையும் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதனால்தான் “புற்றா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே ஆபரேஷன்” என்ற விநோதமான வாக்கியம் தைராய்டு மருத்துவத்தில் அடிக்கடி கேட்கிறது.

2023இல் திருத்திய கணக்கின்படி இரண்டாம் வகையில் நூற்றுக்கு 4, மூன்றாம் வகையில் 22, நான்காம் வகையில் 30, ஐந்தில் 74, ஆறில் 97 என்ற அளவில் புற்று இருக்கக்கூடும். இந்த எண்களை எப்படிக் கண்டார்கள் என்று கேட்பது நல்லது. அறுவை செய்து எடுத்த கணுக்களைப் பிறகு சோதித்துப் பெற்றவை இவை. யாருக்கு அறுவை செய்வார்கள்? ஏற்கெனவே சந்தேகம் அதிகமாக இருப்பவர்களுக்கு. சும்மா விடப்பட்டு, பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் ஏறவே இல்லை. ஆகவே 22 என்பது சற்றுக் கூடுதலாகத் தெரியும் எண் என்று வைத்துக்கொள்ளலாம்.

சித்தியின் நிலை இப்போது புரிகிறதா? ‘மூன்று’ என்பதைத் தஞ்சாவூர் மருத்துவர் “ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து” என்று வாசித்தார். திருச்சி மருத்துவர் “ஐந்தில் நான்கு பங்கு பயமில்லை” என்று வாசித்தார். எண் ஒன்றுதான்.

இன்னொரு வேறுபாடும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. மூன்றாம் வகை நிபுணர்களே அடிக்கடி ஒத்துப்போகாத வகை. ஒருவர் மூன்று என்பதை இன்னொருவர் இரண்டு என்பார், ஒன்று என்பார். ஆனால் நம் மக்கள் ‘செகண்ட் ஒப்பீனியன்’ என்று கிளம்பும்போது எடுத்துப்போவது காகிதக் கட்டுகளை. இரண்டாவது மருத்துவரும் முதலாமவர் எழுதிய அதே வரியைப் படித்துத்தான் கருத்துச் சொல்கிறார். அடியில் இருக்கும் சரக்கை மறுபடி யாரும் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், தைராய்டு கணுவில் இரண்டாம் கருத்து முதலில் தேவைப்படுவது மருத்துவரிடம் அல்ல, கண்ணாடித் தகட்டுக்கு. ‘ஸ்லைடு ரிவ்யூ’ என்பார்கள். பரிசோதனைக் கூடத்தில் எழுதிக்கேட்டால் தகடுகளை நோயாளியிடமே தருவார்கள். கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், சிலர் முன்பணமும் கேட்பார்கள், சில இடத்தில் முகம் சுளிப்பார்கள். விடாமல் கேட்க வேண்டும்.

சித்தியின் தகடுகளைத் தைராய்டுச் செல்களை அதிகம் பார்த்துப் பழகிய ஒருவரிடம் அனுப்பினோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது: பெரும்பாலும் ரத்தம், செல்கொத்துகள் மூன்றோ நான்கோதான், இதை வைத்து மூன்று என்று சொல்லியிருக்கவே கூடாது, ஒன்று என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சுருக்கமாக, சரக்கு வரவில்லை.

சித்தப்பா சிரித்தார். “காலி குத்தூசியைப் பார்த்தா விலை சொன்னாங்க?”

சரி, அந்தக் கணு உண்மையிலேயே புற்றாக இருந்து, அதை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நிற்கிறது. பயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. இதற்குப் பதில் மூன்று நாடுகளிலிருந்து வந்தது.

பின்லாந்தில் 1985இல் ஒரு குழு, வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுகளை எடுத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் முள்ளங்கி அரிவதுபோல அரிந்து பார்த்தது. 36 பேரிடம் சின்னஞ்சிறு பாப்பிலரிப் புற்று இருந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல்! இன்னும் மெலிதாக அரிந்தால் ஏறக்குறைய எல்லாரிடமும் கிடைத்துவிடும் என்று கணக்கிட்ட அவர்கள், இவற்றை நோயாகவே கருத வேண்டியதில்லை என்று எழுதினார்கள். நுண்ணோக்கியில் புற்று என்று தெரிவதும், ஆளைக் கொல்லும் புற்று என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் சாட்சியை யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தென்கொரியா 1999இல் தேசிய அளவில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் “இன்னும் கொஞ்சம் காசு கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் பண்ணிவிடலாம்” என்றார்கள். நம் ஊர் ‘மாஸ்டர் செக்கப்’ பொட்டலங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2011இல் அங்கே தைராய்டுப் புற்று கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆனது. ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல். நாட்டிலேயே அதிகமாகக் கண்டறியப்படும் புற்று அதுதான் என்றானது. அப்படியானால் இறப்பு? கோடு போட்டதுபோல மாறாமல் அப்படியே இருந்தது. உண்மையான கொள்ளைநோய் என்றால் இறப்பு கூடியிருக்க வேண்டும். முன்கூட்டியே பிடித்ததால் உயிர்கள் பிழைத்தன என்றால் இறப்பு குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஒருபோதும் தொல்லை தந்திராத ஒன்றைத் தோண்டியெடுத்து நோய்ப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இதை மிகைக் கண்டறிதல் என்கிறோம். பரிசோதனை தவறல்ல, அறிக்கை பொய்யல்ல. கண்டது மெய்யான புற்றுச் செல்தான். ஆனால் கண்டிருக்கவே வேண்டாம். அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 11 பேர் கால்சியம் குறைந்து அவதிப்பட்டார்கள், 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014இல் எட்டு மருத்துவர்கள் சேர்ந்து பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, ஒரே ஆண்டில் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அந்த எட்டுப் பேரைச் சக மருத்துவர்கள் எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது சாட்சி ஜப்பானின் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை. அகிரா மியாவுச்சி என்ற அறுவை மருத்துவர் 1993இல் சக மருத்துவர்களிடம் ஒரு யோசனை வைத்தார்: 1 சென்டிமீட்டருக்கும் சிறிய, நரம்பையோ மூச்சுக்குழாயையோ ஒட்டாத, நெறிகட்டாத பாப்பிலரிப் புற்றை அறுக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். புற்று என்று உறுதியான பிறகும்! கத்தி பிடிப்பவரே கத்தி வேண்டாம் என்றது எனக்குப் பிடித்த விஷயம். இப்படி விழிப்போடு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றி 2014இல் வந்த அறிக்கை இது: பத்தாண்டுகளில் 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது நூற்றுக்கு 8 பேருக்கு, நிணநீர் முடிச்சுக்குப் பரவியது 4 பேருக்கும் குறைவு, வளர்ந்தவர்களுக்கு அதன் பிறகு அறுவை செய்தார்கள். தைராய்டுப் புற்றால் ஒருவர்கூட இறக்கவில்லை. பொதுவாக நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, முதியவர்களுக்கு மிக மெதுவாகவும் நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சற்று வேகமாகவும் அது வளர்ந்தது.

பெயரே தீர்ப்பாகிவிடுவதற்கு ஓர் உதாரணமும் சொல்ல வேண்டும். உறைக்குள்ளேயே அடங்கிக்கிடக்கும் ஒருவகைப் பாப்பிலரிக் கணுவைப் புற்று என்று எழுதிவந்தார்கள். அப்படிப்பட்ட 109 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. 2016இல் நிபுணர்கள் கூடி அதன் பெயரிலிருந்து புற்று என்ற சொல்லையே நீக்கினார்கள். அதற்கு முந்தின மாதம் அதே அறிக்கை வாங்கியவர் புற்றுநோயாளி. அடுத்த மாதம் வாங்கியவர் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் எல்லாக் கணுவையும் துச்சமாக எண்ணிவிடக் கூடாது. வாரக்கணக்கில் பெரிதாகும் கணு, திடீரென்று குரல் கம்முவது, கல்போல இறுகி நகராமல் நிற்பது, மூச்சு முட்டுவது, விழுங்க முடியாமல் போவது, கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டுவது இவை காத்திருக்கக் கூடாதவை. முதியவர்களுக்கு அரிதாக வரும் அனாபிளாஸ்டிக் வகை மாதக்கணக்கில் ஆளை முடித்துவிடும். மெடுல்லரி என்ற வகை குடும்பத்தில் வழிவழியாக வரலாம்; பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு மரபணுப் பரிசோதனை உண்டு. சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சுப் பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். 1986இல் செர்னோபிலில் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் அதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். இவர்களுக்கு மேலே சொன்ன ஜப்பானியக் கணக்கு பொருந்தாது. மற்றவர்களுக்கு, இரண்டாம் கருத்துக் கேட்கச் சில வாரங்கள் எடுத்துக்கொண்டால் எதுவும் கைநழுவிவிடாது.

கடைசிச் சல்லடை, எவ்வளவு எடுப்பது என்பது. இதற்கு ஒரு பழங்கதை உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் தியோடர் கோக்கர் என்ற அறுவை நிபுணர் கழுத்துக் கழலைகளை அற்புதமாக அறுத்து வந்தார். அயோடின் இல்லாத மலைநாடு அது; கழலைக்குப் பஞ்சமில்லை. தான் அறுத்த ஒரு சிறுமி பிறகு மந்தமாகிவிட்டாள் என்று ஊர் மருத்துவர் சொன்னதைக் கேட்டு, பழைய நோயாளிகளை எல்லாம் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். சுரப்பியில் கொஞ்சம் விட்டுவைக்கப்பட்டவர்கள் நன்றாக இருந்தார்கள். முழுவதும் எடுக்கப்பட்டவர்கள் முகம் ஊதி, சோர்ந்து, யோசனை மழுங்கிப்போயிருந்தார்கள். 1883இல் தன் கைவேலையே அவர்களைக் கெடுத்தது என்று சபையில் ஒத்துக்கொண்டார். தைராய்டு எதற்கு இருக்கிறது என்று உலகம் தெளிவாகக் கற்றதில் அந்த ஒப்புதலுக்கும் பங்குண்டு. 1909இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இன்று மாத்திரை இருக்கிறது. முழுவதும் எடுத்தவர்கள் தினமும் காலையில் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு நன்றாக வாழலாம், ஆயுள் முழுக்க. பாதியை மட்டும் எடுத்தால் நான்கைந்து பேரில் ஒருவருக்குத்தான் மாத்திரை தேவைப்படும். சுரப்பியின் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் கால்சியத்தைக் காக்கின்றன. பக்கத்திலேயே குரல் நரம்பு ஓடுகிறது. பாதி அறுவையில் மறுபக்கத்து நரம்பும் இரண்டு சின்னச் சுரப்பிகளும் தப்பித்துவிடும். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2009இல், 1 சென்டிமீட்டரைத் தாண்டிய புற்று என்றால் முழுவதையும் எடு என்றது. 2015இல், 4 சென்டிமீட்டர்வரை அடக்கமான புற்றுக்குப் பாதி போதும் என்று தளர்த்தியது. எந்த ஆண்டின் பாடத்தில் கை பழகினது என்பதைப் பொறுத்தும் மருத்துவர்கள் வேறுபடுவார்கள். தஞ்சாவூர் மருத்துவரின் நியாயமும் எனக்குப் புரிகிறது: பாதியை எடுத்து, பிறகு புற்று என்று வந்து, மறுபடி கழுத்தைத் திறப்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் புற்று என்று நிரூபணமாகாத, ஒரே பக்கத்தில் மட்டும் இருக்கும் கணுவுக்கு முழுச் சுரப்பியையும் விலையாகக் கொடுப்பது அதிகம் என்பது என் கட்சி. அறுவைதான் என்று முடிவானால் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி, “டாக்டர், வருஷத்துக்கு எத்தனை தைராய்டு பண்றீங்க?” என்பது. அமெரிக்காவில் பார்த்ததில், ஆண்டுக்கு 25க்கு மேல் செய்யும் கைகளில் சிக்கல் குறைவு.

கணு கரைய மாத்திரை என்று தைராக்சின் கொடுப்பது பழைய வழக்கம். அயோடின் உப்பு சாப்பிடும் மக்களிடம் அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. முட்டைக்கோஸை ஒதுக்குவதால் கணு சுருங்குவதும் இல்லை.

சித்திக்கு மூன்று மாதம் கழித்து, ஸ்கேன் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே மூன்று இடத்தில் குத்தி எடுத்தார்கள். இந்த முறை தகடு நிறையச் செல், பெதஸ்டா இரண்டு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது: இத்தாலியில் இப்படிச் சாது என்று முடிவானவர்கள் 992 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நூற்றுக்கு 15 பேருக்குக் கணு வளர்ந்தது, 18 பேருக்குச் சுருங்கியது. ஆரம்பத்தில் இருந்த ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கணுக்களில் ஐந்துதான் பிறகு புற்று என்று தெரிந்தன.

போன தை மாதம் அடுத்த ஸ்கேன். 1.7 என்று வந்தது. சித்தி வெளிறிப்போனார். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். குறைந்தது இரண்டு திசைகளில் ஐந்தில் ஒரு பங்கு கூடினால்தான் அதை வளர்ச்சி என்பார்களாம். ஒரு மில்லிமீட்டர் கையின் சாய்வில் வருவதாம். சித்தப்பா என்னிடம் திரும்பி, “நம்ம தராசுலயே நூறு கிராம் ஏற இறங்க இருக்கும்” என்றார். சித்தி அவரை முறைத்துவிட்டு, அறிக்கையை மஞ்சள் பைக்குள் வைத்து, அடுத்த ஸ்கேனை அறுவடை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டார்.